மாமன் வந்த தண்ணீர் வழி

ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒரு நகரம் இருந்தது. பெயரைச் சொன்னால் இந்தக் கதையில் வருகிற மனிதரைக் கண்டுபிடித்துவிடுவீர்கள், அதனால் சொல்லவில்லை. அந்த நகரத்தில் வீடுகளும் கடைகளும் தெருவைப் பார்த்து நின்றன. ஆற்றுக்கு முதுகைத்தான் காட்டின. ஆற்றுப்பக்கம் என்றால் துணி காயப்போடும் பக்கம், உடைந்த கட்டிலைப் போட்டுவைக்கும் பக்கம்.

பழைய பாலத்துக்குச் சற்றுக் கடல்பக்கமாக, பிலோமினா என்ற இருபத்தொன்பது வயதுப் பெண் நான்கு கயாக்குகளை வைத்துக்கொண்டு துடுப்புப் போடக் கற்றுக்கொடுத்தாள். ஒருவர் மட்டும் கால் நீட்டி உட்காரக்கூடிய ஒடுக்கமான படகு அது. உட்கார்ந்தால் இடுப்பு தண்ணீர் மட்டத்தில் இருக்கும். பிலோமினாவின் அப்பா கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர். மீன் ஓடிவிடும் என்று பேசாமலே வளர்த்ததாலோ என்னவோ, அவளுக்குப் பேச்சு குறைவு. கேள்வி கேட்டால் பதில் வர நேரமாகும்.

மார்கழித் தொடக்கத்தில் ஒருநாள் விடியற்காலை, பாத்திரக்கடை கலியமூர்த்தி வெள்ளை வேட்டி சட்டையோடு அங்கே வந்து நின்றார். அவருக்கு வயது ஐம்பத்தேழு. கடைவீதியில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை.

"எத்தனை நாள்ல கத்துக்கலாம்?" என்று கேட்டார்.

"எங்க போகணும் சார்?"

"சும்மாதான். ஊரைத் தண்ணியிலேருந்து பாக்கணும்."

"சும்மான்னா ரொம்ப நாளாகும்."

கலியமூர்த்தி செருப்பால் மணலைக் கிளறினார். "அம்பது நாள்தான் இருக்கு," என்றார்.

எதற்கு என்று பிலோமினா கேட்கவில்லை. நாளைக்கு வேட்டி வேண்டாம் என்று மட்டும் சொன்னாள்.

அவள் கேட்காததை நான் சொல்லிவிடுகிறேன்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன் கலியமூர்த்தியின் தங்கை வேதவல்லி தன் பெண் குழந்தைக்குக் காது குத்தினாள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். மாமன் வர நேரமாயிற்று. நல்ல நேரம் முடியப்போகிறது என்று மாப்பிள்ளை வீட்டார் அவசரப்படுத்த, குழந்தையைப் பெரியப்பா மடியில் வைத்துக் குத்திவிட்டார்கள். கால் மணி நேரம் கழித்துத் தோளில் பித்தளைக் குடத்தோடு வந்த கலியமூர்த்தி, குழந்தையின் காதில் இரண்டு சொட்டு ரத்தத்தையும் தோட்டையும் பார்த்தார். பந்தி நடக்கும்போதே, சபை நடுவில், "இனிமே உன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்," என்றார். வேதவல்லியும் அதே அப்பனுக்குப் பிறந்தவள்தானே. "மிதிக்காட்டிப் போ," என்றாள்.

இரண்டு பேரும் சொன்ன சொல் தவறவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் நான்கே தெரு. பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

இப்போது அந்தக் குழந்தை தேன்மொழிக்கு, தை மாதக் கடைசியில் கல்யாணம். பத்திரிகையைத் தங்கை புருஷன் கொண்டுவந்து, மச்சான் இல்லாத நேரமாகப் பார்த்துக் கடையில் வைத்துவிட்டுப் போனார். மண்டபத்துக்குப் போவதில் கலியமூர்த்திக்குத் தடை இல்லை. ஆனால் மண்டபத்துக்கு வருகிறவர் விருந்தாளி. முந்தின நாள் காலையில், பெண் வீட்டைவிட்டுக் கிளம்புமுன், அவள் கழுத்தில் முதல் மாலையைப் போடுகிறவர்தான் மாமன். போடாமல் அந்தப் பெண் வீட்டைவிட்டுப் போய்விட்டால், இந்த ஜென்மத்துக்கு அவர் யாரோதான். அதை நினைத்து அவருக்கு ராத்திரியில் தூக்கம் வரவில்லை. வாசப்படியை நினைத்தால் கால் வரவில்லை.

அப்போதுதான் ஒன்று தோன்றியது. வேதவல்லியின் வீடு கரைத்தெருவில் இருக்கிறது. கொல்லையில் நான்கு கல்படிகள் ஆற்றுக்குள் இறங்குகின்றன. அவர் மிதிக்க மாட்டேன் என்றது வாசப்படியைத்தானே.

முதல் நாள், லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு கயாக்கில் உட்கார்ந்ததும் அவர் கேட்டார்: "கவிழாம இருக்க என்ன செய்யணும்?"

பிலோமினா இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு படகைப் பிடித்து ஒரு புரட்டுப் புரட்டினாள். கலியமூர்த்தி மூக்கிலும் வாயிலும் உப்புத்தண்ணீரோடு எழுந்தார்.

"இதுதான் கவிழறது," என்றாள் அவள். "ஒண்ணும் ஆகல, பாருங்க."

கரையில் மீன் ஏலத்துக்குக் காத்திருந்த பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊரில் தனக்கென்று ஒரு மரியாதை இருப்பதை அவர் டீச்சருக்கு ஞாபகப்படுத்தினார்.

"அவங்க தினம் பெரிய பெரிய மீனா பாக்கறவங்க சார்," என்றாள் பிலோமினா.

அதற்கப்புறம் அவர் மரியாதையைப் பற்றிப் பேசவில்லை. பத்து நாளில் நேராகப் போகவும் திரும்பவும் கற்றுக்கொண்டார். பாத்திரம் தூக்கிப் பழகிய தோள், துடுப்புக்குச் சிரமப்படவில்லை.

சிரமப்பட்டது பாலத்தில்தான். பழைய பாலத்துக்கு ஏழு தூண்கள். வற்றத்தில் ஆறு கடலுக்குத் திரும்பி ஓடும்போது தூணில் மோதிப் பிளந்துகொண்டு போகும். அந்த இழுப்பில் கயாக் குறுக்காகத் திரும்பித் தூணை நோக்கிப் போனது. மோதப்போகிறோம் என்றதும் கலியமூர்த்தி எல்லாரும் செய்வதைத்தான் செய்தார். தூணைவிட்டு அந்தப் பக்கமாகச் சாய்ந்தார். அந்தப் பக்கத்தில்தான் ஆற்றின் வேகம் முழுவதும் வந்துகொண்டிருந்தது. அது சாய்ந்த விளிம்பின்மேல் ஏறி அவரைச் சுருட்டிக்கொண்டுபோய் அந்தாண்டை துப்பியது.

நான்கு நாள், நான்கு முறை. ஐந்தாம் நாள் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"தூண் கிட்ட வர்றப்ப என்னதான் பண்றது டீச்சர்?"

பிலோமினா தன் கயாக்கை எடுத்துக்கொண்டு போனாள். வேண்டுமென்றே குறுக்கே திருப்பி, துடுப்பை மடியில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தாள். ஆறு அவளைக் கொண்டுபோய்த் தூணில் சேர்த்தது. சேரும்போது தூண் பக்கமாகவே சாய்ந்து, சிப்பி ஒட்டிய அந்தக் கல்லை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, கன்னத்தையும் வைத்துக்கொண்டாள். தண்ணீர் படகுக்கு அடியில் சலசலத்துப் போயிற்று. அவள் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு கல்லைக் கையால் தடவித் தடவி நகர்ந்து, தூணின் ஓரத்தைத் தாண்டி வந்துவிட்டாள்.

"முட்டுற பக்கமே சாயறதா? எவனாவது சாய்வானா?"

"முட்டாதவன் சாய வேண்டியதில்ல சார்."

அன்றைக்கு அவரும் சாய்ந்தார். சட்டை கிழிந்து தோளில் சிராய்ப்பு விழுந்தது. கவிழவில்லை. கல்லில் காதை வைத்தபோது உள்ளேயிருந்து ஓர் இரைச்சல் கேட்டது. ஆறா, பாலத்தின்மேல் போகிற பஸ்ஸா என்று தெரியவில்லை. டீச்சர் வா என்று கூப்பிடும்வரை அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஊரைப் பார்க்கப் போனார்கள்.

ஏற்றத்தில் கடல் ஆற்றுக்குள் வரும். அப்போது துடுப்பைத் தொடாமலே ஊருக்குள் போகலாம். மார்கழிப் பனி தண்ணீரின்மேல் ஒரு முழம் உயரத்துக்கு நிற்க, இரண்டு கயாக்குகளும் அதற்குள் நுழைந்து சத்தமில்லாமல் போயின. ஐஸ் ஃபேக்டரியின் பின்கதவிலிருந்து வெள்ளைப் புகை இறங்கிப் பனியோடு சேர்ந்துகொண்டது. பழைய சுங்கக் கட்டிடத்தின் சுவரில் ஓர் அரசமரம் முளைத்து, வேரால் ஜன்னலை மூடியிருந்தது. பின்கட்டில் ஒருவர் பல் துலக்கிக்கொண்டிருந்தார். தண்ணீருக்குள் இன்னொருவர் தலைகீழாக அதே பல்லைத் துலக்கினார். தர்காவின் ஓதலும் கோயில் ஒலிபெருக்கியின் பாட்டும் தெருவில் போட்டி போடும். இங்கே வருவதற்குள் இரண்டும் தணிந்து, பக்கத்து வீட்டில் யாரோ பேசுவதுபோல இருந்தன.

கலியமூர்த்திக்குத் தன் கடைவீதியே அடையாளம் தெரியவில்லை. ஜவுளிக்கடையின் பளபளப்பெல்லாம் முன்பக்கம்தான். பின்பக்கம் அதன் முதலாளி லுங்கியோடு படியில் உட்கார்ந்து, யாருமில்லை என்று நினைத்து, ஒரு நாயோடு பேசிக்கொண்டிருந்தார். முன்பக்கத்தில் அவரும் கலியமூர்த்தியும் பத்து வருடமாகப் பேசுவதில்லை. இங்கிருந்து பார்க்க அவர் நல்ல மனிதராகத் தெரிந்தார்.

"இது நம்ம ஊர்தானா?" என்று கேட்டார் கலியமூர்த்தி.

"முதுகைத் தேச்சுவிடறப்பதான் சார் பிள்ளைங்க எல்லாத்தையும் சொல்லும்," என்றாள் பிலோமினா.

கரைத்தெருவுக்குப் பின்னால் ஆறு வளைகிறது. ஏற்றத் தண்ணீர் அந்த வளைவில் கரையை நோக்கித் தள்ளும். தேங்காய் மட்டை, பிளாஸ்டிக் பாட்டில், அறுந்த வலை, எது மிதந்து வந்தாலும் நீலச் சுண்ணாம்பு அடித்த ஒரு வீட்டின் நான்கு கல்படிகளில்தான் போய் ஒதுங்கும். அதுதான் வேதவல்லியின் வீடு. ஒவ்வொரு நாளும் அங்கே வந்ததும் கலியமூர்த்தி துடுப்பை நிறுத்துவார், கதவைப் பார்ப்பார், தண்ணீர் படியை நோக்கித் தள்ளத் தொடங்கியதும் அவசர அவசரமாக எதிர்த்துப் போட்டு விலகிப் போவார். பிலோமினா பின்னால் வந்துகொண்டிருந்தாள்.

மார்கழிக் கடைசியில் ஒருநாள் அவர்கள் அங்கே போனபோது, ஏற்றம் முடிந்து வற்றம் தொடங்காமல் தண்ணீர் அசையாமல் நின்றது. கதவு திறந்தது. நேற்றுச் சாமிக்குப் போட்ட பூவைக் கூடையில் எடுத்துக்கொண்டு வேதவல்லி படியில் இறங்கினாள். தலை பாதி நரைத்திருந்தது. பூவைக் கொட்டப் போனவள், பத்தடி தூரத்தில் ஆரஞ்சு நிற ஜாக்கெட்டில் உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்தாள்.

கலியமூர்த்தி முகத்தைத் திருப்பினார். முகத்தோடு உடம்பும் சேர்ந்து அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. அலையில்லை, காற்றில்லை, இழுப்பில்லை. நின்ற தண்ணீரில் கவிழ்ந்தார்.

மேலே வந்து படகைப் பிடித்துக்கொண்டு இருமினார். அவள் கடைசிப் படிவரை இறங்கி, முழங்கால்வரை தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். கூடை எங்கோ மிதந்தது. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது இதுதான்.

"ஏம்மா," என்று அவள் பிலோமினாவிடம் சொன்னாள், "அவருக்கு நீச்சல் தெரியாது. பாத்துக்க."

கலியமூர்த்தியும் பிலோமினாவைப் பார்த்துத்தான் சொன்னார்: "ஜாக்கெட் போட்டிருக்கேன்னு சொல்லுங்க டீச்சர்."

"அவங்களுக்குக் கேட்டிருக்கும் சார்," என்றாள் பிலோமினா.

வேதவல்லி படியேறிப் போனாள். கதவைச் சாத்துமுன், மார்கழித் தண்ணி, தலையை நல்லாத் துவட்டிக்கச் சொல்லு என்று அதே பிலோமினாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். பூக்கள் கலியமூர்த்தியைச் சுற்றி மிதந்தன. ஒரு சாமந்தி அவர் காதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

பாலத்தின் நிழலுக்கு வந்ததும் அவர் எல்லாவற்றையும் சொன்னார். வாசப்படியைச் சொன்னார். கொல்லைப்படி யோசனையைச் சொன்னார். அன்றைக்கு ஏன் நேரமாயிற்று என்பதையும் சொன்னார். குடத்தில் குழந்தையின் பெயரை வெட்டிக் கொடுக்க ஆள் இரண்டு நாளாக வரவில்லை. வந்தவனைக் காலையிலேயே உட்காரவைத்து, பெயரைச் சுற்றி ஒரு கொடியும் வெட்டச் சொன்னார். அந்தக் கொடிக்குத்தான் கால் மணி நேரம் ஆயிற்று. குடம் இன்னும் கடையில் மேல்தட்டில் இருக்கிறது. வருடா வருடம் புளி போட்டுத் தேய்த்து வைக்கிறார். யார் கேட்டாலும் விற்பதில்லை.

"இதை அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"யாரும் கேக்கல."

அவர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டார். பிறகு, இத்தனை நாளும் கேட்க நினைத்ததைக் கேட்டார்.

"கொல்லைப்படி வாசப்படியில சேருமா டீச்சர்?"

பிலோமினா ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "குடம் எவ்வளவு உசரம் சார்?" என்று கேட்டாள். அவர் கையால் காட்டினார். அவள் கயாக்கின் உள்ளே முழங்காலுக்கு நடுவில் சாண் போட்டு அளந்து, ஒரு கயிற்றை எடுத்து அந்த இடத்தில் வளையம் கட்டத் தொடங்கினாள். கேட்ட கேள்விக்கு அன்றைக்குக் கிடைத்த பதில் அவ்வளவுதான். மிதந்துபோன பூக்கூடையைத் திருப்பிக் கொடுக்க, மறுநாள் அவள் தனியாக அந்த நீல வீட்டுப் படிக்குப் போய்வந்தது அவருக்குத் தெரியாது.

தை மாதக் கடைசியில், கல்யாணத்துக்கு முந்தின நாள் வந்தது. ஏற்றம் காலை ஆறரைக்கு.

கலியமூர்த்தி பட்டுச் சட்டையின்மேல் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டார். வேட்டியை மடித்து, அடியில் அரைக்கால் சட்டை. முழங்காலுக்கு நடுவில் குடம், குடத்துக்குள் ரோஜா மாலை. ஏலத்துப் பெண்களில் ஒருத்தி, மாப்பிள்ளை ஊர்வலம் தண்ணியிலயா என்று கேட்டாள். அவர் மாமன் என்று திருத்தினார். இருபத்திரண்டு வருடத்தில் அந்தச் சொல்லை அவர் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டுத் துடுப்பை எடுத்தார்.

பனி போகவில்லை. கடல் அவர்களைப் பின்னாலிருந்து மெல்லத் தள்ளிக்கொண்டு போயிற்று. பாலம் வந்தது, ஏழு தூண்களும் கடந்தன. ஐஸ் ஃபேக்டரி, அரசமரம், நாயோடு பேசுகிறவர், எல்லாம் பனியிலிருந்து வந்து பனிக்குள் போயின. ஜவுளிக்கடைக்காரர் குடத்தைப் பார்த்து எழுந்து நின்று கை காட்டினார். கலியமூர்த்தியும் துடுப்பை உயர்த்திக் காட்டினார். கனவில் பார்த்துக்கொள்கிறவர்கள் பழைய சண்டையை எங்கே நினைக்கிறார்கள்?

வளைவு வந்தது.

நீல வீட்டின் கொல்லைக் கதவில் மாவிலைத் தோரணம் தொங்கியது. படியின் இரண்டு பக்கமும் குலையோடு இரண்டு வாழைமரம் கட்டியிருந்தது. தண்ணீருக்கு மேலே நின்ற மூன்று படிகளிலும் மாக்கோலம், ஓரத்தில் காவிப் பட்டை. மேல்படியில் குத்துவிளக்கு எரிந்தது. அதற்குப் பக்கத்தில் ஆரத்தித் தட்டோடு வேதவல்லி. அவளுக்குப் பின்னால், மாலை இல்லாத வெறும் கழுத்தோடு, புதுப் பட்டில் ஒரு பெண். மாமன் அவளை அவ்வளவு பக்கத்தில் பார்த்தது காது குத்திய அன்றுதான்.

கலியமூர்த்தியின் கை நின்றுவிட்டது.

எல்லாம் அவருக்காகத்தான் என்று புரிந்தது. புரிந்ததுதான் வினை. கோலம் போட்டு, காவி பூசி, தோரணம் தொங்கவிட்டு, வாழைமரம் கட்டி, விளக்கேற்றிய பிறகு அது எப்படிக் கொல்லையாகும்? எந்தப் படிக்குத் தப்பி அவர் ஐம்பது நாள் தண்ணீர் குடித்தாரோ, அந்தப் படியே இறங்கி வந்து ஆற்றில் நின்றுகொண்டிருந்தது. மிதித்தால், சபை நடுவில் சொன்ன சொல் போயிற்று. மிதிக்காவிட்டால், அந்தப் பெண் வெறும் கழுத்தோடு மண்டபத்துக்குப் போவாள்.

ஏற்றத் தண்ணீர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மட்டையையும் பாட்டிலையும் தள்ளுகிற மாதிரியே அவரையும் தள்ளியது. கயாக் குறுக்கே திரும்பிக் கல்படியை நோக்கிப் போயிற்று. அவர் உடம்பு தானாக ஆற்றுப் பக்கம் சாயத் தொடங்கியது. விளிம்பில் தண்ணீர் ஏறியது. குடம் அசைந்தது.

"ஏம்மா," என்றாள் வேதவல்லி பிலோமினாவிடம். "பாசி புடிச்ச படி. பாத்துக் கால வைக்கச் சொல்லு."

கலியமூர்த்தி திரும்பிப் பார்த்தார். பிலோமினா பின்னால் தன் கயாக்கில், துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"டீச்சர்," என்றார். "இது வாசலா, கொல்லையா?"

"தூண், சார்," என்றாள் பிலோமினா.

கலியமூர்த்தி துடுப்பை விட்டுவிட்டு, இரண்டு கையையும் நீட்டி, கோலத்தின்மேல் சாய்ந்தார்.